சூடா இருந்தா கூடாது, ஆறினா சரி

பெரிய கடைக்குள்ள போனதுமே ஒரு வாசனை வரும்ல, முழுக் கோழியை கம்பியில சுத்தவிட்டு வேகவெச்சு, பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு லைட்டுக்கு அடியில சூடா வெச்சிருப்பாங்களே, அந்த ரோஸ்ட் சிக்கன். அமெரிக்காவுல ஃபுட் ஸ்டாம்ப் கார்டு, அதாவது வருமானம் கம்மியா இருக்கறவங்க மளிகை வாங்க அரசாங்கம் மாசா மாசம் காசு ஏத்திக் குடுக்கற கார்டு, அதை வெச்சிருக்கறவங்க அந்தக் கோழியை அதுல வாங்க முடியாது. அதே கோழி விக்காம மிச்சமாகி ஃபிரிட்ஜ் தட்டுக்குப் போயி ஜில்லுனு ஆயிடுச்சுன்னா வாங்கலாம். பில் போடுற நேரத்துல சூடா இருக்கற சாப்பாட்டுக்கு அந்தக் காசு செல்லாது, அதான் ரூல். 

இது எனக்குத் தெரிஞ்சது எந்தப் புத்தகத்துலயும் படிச்சு இல்ல. கிரீன் கார்டு வந்த புதுசுல இங்க அயோவால ஒரு சூப்பர்மார்க்கெட்ல ரெண்டு வருஷம் கேஷியரா நின்னேன், சாயங்கால ஷிஃப்ட். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரமோ என்னமோ, ஒருத்தர் வேலை யூனிஃபார்மோட வந்தாரு, கூட ஒரு சின்னப் பொண்ணு, கையில சூடா அந்தக் கோழி டப்பா. கார்டைத் தேய்ச்சாரு, மெஷின் பிரெட்டையும் பாலையும் எடுத்துக்கிச்சு, கோழியை எடுக்கல. நான் திணறித் திணறி விளக்குனேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "அப்போ இது ஆறுற வரைக்கும் ஓரமா நிக்கட்டுமா?" அப்படின்னாரு. கிண்டலுக்குக் கேக்கல, நிஜமாவே கேட்டாரு. பின்னாடி அஞ்சாறு பேரு லைன்ல. அந்தப் பொண்ணு டப்பா மேல கையை வெச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் டப்பாவை வாங்கி கவுண்டருக்குக் கீழ வெச்சேன், அந்தச் சூடு இன்னும் ஞாபகம் இருக்கு.

இதை இப்ப எழுதக் காரணம், போன வாரம் நண்பர்கள் வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தப்ப ஒரு அண்ணா சொன்னது. "நாம கட்டுற டாக்ஸ்ல அவங்க கோக் குடிக்கணுமாம்மா? நல்லவேளை இந்த ஜனவரியிலருந்து நிறுத்திட்டாங்க." சுத்தி இருந்த எல்லாரும் தலையாட்டுனாங்க. அவர் கெட்டவர் இல்ல, யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா முதல்ல கார் எடுத்துட்டு வர்றவர் அவர்தான். அதனாலதான் அன்னிக்கு சட்டுனு பதில் சொல்ல வாய் வரல, வீட்டுக்கு வந்து யோசிச்சு யோசிச்சு இங்க கொட்டுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: 2026 ஜனவரி 1-லருந்து நெப்ராஸ்கா, இண்டியானா, அயோவா, யூட்டா, வெஸ்ட் வர்ஜீனியா அஞ்சு மாநிலத்துலயும் ஃபுட் ஸ்டாம்ப்ல (இப்ப அதுக்கு ஸ்நாப்னு பேரு, 2008-ல மாத்துனாங்க) கூல்ட்ரிங்க்ஸ் வாங்க முடியாது, சில இடத்துல மிட்டாய், சாக்லேட்டும் கிடையாது. மத்திய விவசாயத் துறை 2025 மே மாசம் நெப்ராஸ்காவுக்கு முதல் அனுமதி குடுத்துச்சு, அப்புறம் வரிசையா மத்த மாநிலங்களும் வாங்கிக்கிட்டாங்க. இதுக்கு முன்னாடி கேட்டவங்களுக்கு எல்லாம் முடியாதுன்னுதான் சொன்னாங்க. 2004-ல மின்னசோட்டா கேட்டுச்சு, கிடைக்கல. 2010-ல நியூயார்க் மேயரா இருந்த ப்ளூம்பெர்க் கேட்டாரு, அடுத்த வருஷம் அதையும் தள்ளிட்டாங்க. இந்தச் சண்டை அதை விடப் பழசு, 1964-ல ஃபுட் ஸ்டாம்ப் சட்டம் வந்தப்பவே பால் டக்ளஸ்னு இலினாய் செனட்டர் ஒருத்தர் கூல்ட்ரிங்க்ஸுக்கு இந்தக் காசு போகக் கூடாதுன்னு எழுந்து பேசியிருக்காரு, அது சட்டத்துல ஏறல.

அதுக்கும் முன்னாடி 1939-ல நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரத்துல ஃபுட் ஸ்டாம்ப் முதல் முதலா ஆரம்பிச்சப்ப ரெண்டு கலர் ஸ்டாம்ப் இருந்துச்சு. ஆரஞ்சு ஸ்டாம்பை நம்ம காசு குடுத்து வாங்கணும், ஒரு டாலருக்கு ஆரஞ்சு வாங்குனா அம்பது சென்ட்டுக்கு நீலம் சும்மா குடுப்பாங்க. நீலத்துல என்ன வாங்கலாம்? விவசாயத் துறை எதெல்லாம் விளைஞ்சு விக்காம மிச்சம் கிடக்குன்னு சொல்லுதோ அது மட்டும், வெண்ணெய், முட்டை அந்த மாதிரி. அதாவது முதல் லிஸ்ட் போட்டதே சாப்பிடறவங்க உடம்பை நினைச்சு மட்டும் இல்ல, விக்காத சரக்கை நகர்த்தவும்தான். இதை எனக்கு யாராவது அந்த ரெண்டு வருஷத்துல சொல்லியிருந்தா, நான் ஒப்பிச்சிட்டிருந்த ரூல்ஸ் மேல அவ்வளவு பயபக்தி இருந்திருக்காது.

இப்ப இருக்கற லிஸ்டைப் பாருங்க. சாராயம், சிகரெட் கிடையாது, சரி. சோப்பு கிடையாது. டாய்லெட் பேப்பர் கிடையாது, குழந்தைக்கு டயபர் கிடையாது, வைட்டமின் மாத்திரை கிடையாது. ஆனா தக்காளி விதை வாங்கலாம், செடி வாங்கலாம், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல். எனர்ஜி டிரிங்க்குல ஒரு கூத்து இருக்கு, டப்பா பின்னாடி நியூட்ரிஷன் ஃபேக்ட்ஸ்னு அச்சடிச்சிருந்தா அது சாப்பாடு, சப்ளிமென்ட் ஃபேக்ட்ஸ்னு இருந்தா அது சாப்பாடு இல்ல. பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஒரே மாதிரி டப்பா.

எங்க ஊர் புது ரூல் இதுக்கும் மேல. அயோவால அவங்க உட்கார்ந்து தனியா ஒரு சத்துணவு லிஸ்ட் போடல, மாநில விற்பனை வரி எதுக்கெல்லாம் உண்டோ அதெல்லாம் கட், விதையும் செடியும் மட்டும் விலக்கு, அவ்வளவுதான். வரிச் சட்டத்துல மிட்டாய்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு, மாவு கலந்திருந்தா அது மிட்டாய் கிடையாது. அதனால வெறும் சாக்லேட் பார் கூடாது, உள்ள வேஃபர் வெச்ச கிட்கேட் கூடும். பாதிக்கு மேல பழச்சாறு இருந்தா அது கூல்ட்ரிங்க் இல்ல, பால் கலந்த பாட்டில் காபியில எவ்வளவு சர்க்கரை கொட்டியிருந்தாலும் அதுவும் கூல்ட்ரிங்க் இல்ல. வரி வசூலிக்கறவங்க அவங்க வேலைக்காக எழுதின விளக்கம் இது, ஒரு குழந்தையோட பல்லையோ ஒரு அம்மாவோட சுகரையோ மனசுல வெச்சு எழுதினது இல்ல, அதைத் தூக்கி அப்படியே ஆரோக்கியம்னு பேர் வெச்சா எப்படி?

நான் கோக்குக்கு வக்காலத்து வாங்கல. எங்க வீட்டுல வாங்கறதே இல்ல. கூல்ட்ரிங்க் கம்பெனிங்க இந்தத் தடையை எதிர்க்கறது அவங்க வியாபாரத்துக்காக, அவங்களோட சேர்ந்து நிக்க எனக்கு விருப்பம் இல்ல. அண்ணா சொன்னதுல உண்மை இருக்குதான்னா, கொஞ்சம் இருக்கு. விவசாயத் துறை 2016-ல வெளியிட்ட ஆய்வுல ஒரு பெரிய கடையோட 2011 பில்களை எடுத்துப் பார்த்தாங்க, ஸ்நாப் வீடுகள் மளிகைச் செலவுல கூல்ட்ரிங்க்ஸுக்குப் போனது 5.4 சதவீதம், மத்த வீடுகள்ல 4 சதவீதம். வித்தியாசம் இருக்கு. ஆனா அந்த 4 சதவீதம் யாரு? நாமதான். அமெரிக்காவே நிறைய சர்க்கரை குடிக்குது, ஏழைங்க கொஞ்சம் கூடக் குடிக்கறாங்க, தடை மட்டும் ஏழைங்களுக்கு.

தடை போட்டா குடிக்கறது நின்னுடுமாங்கறதும் அவ்வளவு நேரா இல்ல. 2024 கணக்குப்படி ஒருத்தருக்கு மாசம் சராசரியா 187 டாலர் வருது, ஒரு நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். மாசம் முழுக்க சாப்பாட்டுக்கு இது பத்தவே பத்தாது, முக்கால்வாசிப் பேரு மூணாவது வாரத்துல கைக்காசு போட ஆரம்பிச்சிடுவாங்க, அதை நான் மெஷின்லயே பார்த்திருக்கேன். கைக்காசு இருக்கறப்ப கோக்குக்கு அந்தக் காசு, அரிசிக்குக் கார்டுனு மாத்தி வெச்சா முடிஞ்சுது. கைக்காசே இல்லாதவங்களுக்குத்தான் தடை நிஜமா தடை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லைன்னா நான் ஒருதலைப்பட்சமா எழுதறதா ஆயிடும். மின்னசோட்டாவுல 279 பேரை வெச்சு ஒரு சோதனை பண்ணி 2016-ல வெளியிட்டாங்க. காய்கறி, பழம் வாங்குனா 30 சதவீதம் திருப்பிக் குடுக்கறது, கூடவே இனிப்பு வகைகளுக்குத் தடை, ரெண்டும் சேர்ந்த குழுவுல சாப்பாடு நல்லாவே மாறியிருக்கு. ஆக தடையால ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கவனிங்க, அங்க ஒரு கையால எடுத்தாங்க, இன்னொரு கையால குடுத்தாங்க. மாசசூசெட்ஸ் ஹாம்ப்டன் கவுண்டியில 2011, 2012-ல தடையே இல்லாம, குடுக்கறது மட்டும் பண்ணிப் பார்த்தாங்க. 7500 குடும்பம், காய் பழத்துக்கு ஒரு டாலர் செலவு பண்ணா முப்பது சென்ட் கார்டுலயே திரும்பி ஏறிடும். அந்தக் குடும்பங்கள்ல பெரியவங்க மத்தவங்களை விட 26 சதவீதம் அதிகமா காயும் பழமும் சாப்பிட்டாங்க. அந்தக் கவுண்டர்ல நிக்கற கேஷியரை நினைச்சுப் பார்க்கறேன், "உங்களுக்கு இவ்வளவு திரும்ப வந்திருக்கு"ன்னு சொல்ல முடிஞ்சிருக்கும். ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்ற வாய்ப்பு எனக்குக் கிடைக்கல.

எனக்கு மனசு ஆறாத ஒண்ணு, இதே அயோவா 2024 கோடைக்காலத்துல ஸ்கூல் லீவ்ல இருக்கற ஏழைப் பிள்ளைங்களுக்கு மாசம் நாப்பது டாலர்னு மூணு மாசத்துக்குக் குடுக்கற மத்திய அரசு திட்டத்துல சேர மாட்டேன்னு சொல்லுச்சு. அப்ப சொன்ன காரணமும் இதேதான், கார்டுல காசு போட்டா சத்தான சாப்பாடு வந்துடாது, பிள்ளைங்க குண்டாகறாங்கன்னு. அடுத்த வருஷம் அதுக்குப் பதிலா உணவுப் பொருளாவே குடுக்கற ஒரு ஏற்பாடு பண்ணாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா அந்த ஒரு கோடை போனது போனதுதான், பசிக்கு அரியர்ஸ் குடுக்க முடியாது.

நம்ம கூட்டத்துல இதைப் பேசறப்ப எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும், ஃபுட் ஸ்டாம்ப்ல இறால் வாங்குனவன், ஐஃபோன் வெச்சிருந்தவ. பின்னாடி ஜனாதிபதி ஆன ரீகன் 1976 தேர்தல்லயே இதைச் சொன்னாரு, நீங்க கொத்துக்கறி வாங்க லைன்ல நிக்கறப்ப முன்னாடி ஒருத்தன் ஃபுட் ஸ்டாம்ப்ல விலை உசந்த டி-போன் ஸ்டேக் கறி வாங்கறான்னு. 2015-ல மிசூரியில ஒருத்தர் மசோதாவே கொண்டு வந்தாரு, சிப்ஸ், குக்கீஸ், கூல்ட்ரிங்க்ஸோட ஸ்டேக்கும் கடல் உணவும் கூடாதுன்னு. கடல் உணவுன்னா டின்ல வர்ற டூனாவும் அதுல வந்துடும், அந்த லிஸ்ட்ல இருக்கறதுலயே மலிவான நல்ல சாப்பாடு அதுதான். நல்லவேளை அது நிறைவேறல. அந்த வருஷமே கான்சாஸ்ல சட்டமே போட்டாங்க, ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமா குடுக்கற உதவித்தொகை கார்டை (இது ஃபுட் ஸ்டாம்ப் இல்ல, வேற) சினிமா தியேட்டர்லயும் நீச்சல் குளத்துலயும் தேய்க்கக் கூடாதுன்னு. அந்தக் காசுல ஒரு அம்மா பிள்ளையை ஒரு நாள் நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனா யாருக்கு என்ன நஷ்டம், எனக்குப் புரியவே இல்ல.

இதை எல்லாம் சட்டசபையில உக்காந்து முடிவு பண்றாங்க. ஆனா அதை அந்த மனுஷங்க முகத்தைப் பார்த்துச் சொல்ற வேலை யாருக்கு வருது? பதினெட்டு வயசுப் பையனுக்கு, இங்கிலீஷ் சரளமா வராத என்னை மாதிரி ஒருத்திக்கு. கார்டைத் தேய்ச்சதும் எது எது ஏறலையோ அது மீதித் தொகைன்னு ஸ்கிரீன்ல வந்து நிக்கும், லைன்ல நிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். சில பேரு பர்ஸைத் துழாவுவாங்க. சில பேரு எதுவும் பேசாம அந்தப் பொருளை என் பக்கம் லேசா நகர்த்துவாங்க, பார்வையை மட்டும் வேற எங்கேயோ வெச்சுக்கிட்டு. அந்த நகர்த்தறதுதான் எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

இந்த ஜனவரியில பால் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்க, ஆளுக்கொரு சாக்லேட். ஒருத்தன் கையில கிட்கேட், இன்னொருத்தன் கையில வெறும் சாக்லேட் பார். ஒண்ணு ஏறிடுச்சு, இன்னொண்ணு ஏறல. ரெண்டு பிள்ளையும் கேஷியர் பையனையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அவன் அந்த பாரை இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்த்தான், ஏறாதுன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். அப்புறம் அந்த அம்மாகிட்ட மெதுவா, "சாரி, மெஷின் என்னவோ மக்கர் பண்ணுது, எடுக்க மாட்டேங்குது" அப்படின்னான்.

நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன்.