பாமணிக் கரையோடு முத்துப்பேட்டை வரை

இந்த மே மாதம் நானும் என் மகனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு, திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து பாமணி ஆற்றங்கரையோடு முத்துப்பேட்டை வரை போகப்போகிறோம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியும் பிரிகிற இடம் அந்தத் தலைப்பு. மெயின் ரோட்டில் போனால் 40 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரத்துக் கதை. நாங்கள் ஒரு முழுப் பகலை ஒதுக்கியிருக்கிறோம். கரை சில இடத்தில் தார், சில இடத்தில் கப்பி, மிச்சமெல்லாம் வெறும் களிமண்.

மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த அன்றே கேட்டுவிட்டான்: "கரையில யாரும் இருக்க மாட்டாங்கம்மா, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?" முடியாது என்று சொன்னேன். ஆற்றங்கரையும் ஊரார் போய்வருகிற பொதுவழிதான். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இது எதுவுமே இல்லாவிட்டாலும், ஒரு பக்கம் ஆறும் மறு பக்கம் வயல் பள்ளமுமாக இருக்கிற கரையில் பழகாத கையிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக அவனுக்குக் கொடுத்திருப்பது வழிகாட்டி வேலை. அதை ஒப்புக்குக் கொடுக்கவில்லை. அவன் "நிறுத்து" என்றால் நான் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும், "திரும்பு" என்றால் திரும்ப வேண்டும். விவாதமெல்லாம் வண்டி நின்ற பிறகு. பெரியவர்கள் ஓட்டுகிற வண்டியில் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வருவதற்குப் பயணம் எதற்கு? முடிவெடுக்கிற பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் இந்த வயசுப் பிள்ளைக்கு மண் கண்ணில் படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டிருக்கிறது. சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு சட்ரஸையும் (ஆற்றுத் தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடுகிற கதவணை) மதகையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறான். கரையின் உயரமும் உறுதியும் படத்தில் தெரியாது என்பதால், தாத்தாவோடு மொபெட்டில் போய் மன்னார்குடி வரை பார்த்துவிட்டும் வந்தான். நண்டு வளையும் எலி வளையும் கரையோரத்தை உள்ளுக்குள் குடைந்திருக்கும், மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். அதனால் சந்தேகமான இடத்தில் அவன் இறங்கி, கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பான். அவன் கை காட்டிய பிறகு, வண்டியை நிறுத்தி ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றுகிற கியர்) போட்டு, முதல் கியரில் நான் பின்னால் வருவேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. ஜனவரி கடைசியில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், ஆறு வற்றிவிடும், போகலாம் என்று தோன்றும். ஆனால் களிமண் மேலே காய்ந்து உள்ளே சேறாகவே இருக்கும். வயலும் சும்மா கிடக்காது. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்து தாளுக்கிடையே வளர்ந்துகொண்டிருக்கும். காலி வயல்தானே என்று வெளியூர் வண்டிகள் இறங்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஏப்ரலில்தான் உளுந்து அறுவடையாகி வீட்டுக்கு வரும். ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள், அதற்குப் பிறகு தண்ணீரும் குறுவை வேலையும். ஆக நமக்குக் கிடைப்பது மே மாதம். கத்திரி வெயில்தான், ஆனால் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினொரு மணிக்கெல்லாம் ஏதாவது புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிடுவோம். மூன்றரைக்கு மேல் மிச்சம். மே மாதத்தில் தூர்வாரும் வேலை நடக்கும், கரையில் மண் குவிந்து கிடக்கும். அங்கெல்லாம் கீழே இறங்கி ஊர் ரோட்டில் சுற்றிக்கொண்டு போவதற்கு மாற்றுவழியும் அவன் நோட்டில் இருக்கிறது.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளில் மழை பெய்தால் பயணம் தள்ளிப்போகும். நாம் மாட்டிக்கொள்வோம் என்பதற்காக இல்லை. ஈரக் கரையில் நம் டயர் கிழித்த தடம் காய்ந்து கல்லாகிவிடும். விதைமூட்டையோடு சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள் கோடை முழுக்க அதில் தடுமாற வேண்டும்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்று அளக்கிற கேஜ், காற்றடிக்கிற பம்ப், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை (இல்லாவிட்டால் ஜாக்கி களிமண்ணுக்குள் போய்விடும்), தண்ணீர், புளிசோறு. சக்கரம் நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றினால் அடியில் போட வைக்கோலும் தென்னை மட்டையும் வழியிலேயே கிடைக்கும், கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மசியாவிட்டால் டிராக்டர்தான். வழியிலுள்ள ஊர்களில் டிராக்டர் வைத்திருப்பவர்களின் நம்பரைத் தாத்தா சேகரித்துக் கொடுத்திருக்கிறார்.

ஓட்டுகிற ஆசைக்கும் வழி வைத்திருக்கிறேன். உளுந்து எடுத்துவிட்ட எங்கள் சொந்த வயலில், நான் பக்கத்தில் உட்கார, ஃபோர் லோவில் கிளட்சை மெல்ல விடுவதிலிருந்து ஆரம்பிக்கிறோம். மே வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளில் சக்கரம் ஏறி இறங்குவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். பயணத்துக்கு முந்தின வாரம் முழுக்க மாலையில் அதுதான் வேலை.

முத்துப்பேட்டையை ஒட்டிய ஜாம்புவானோடையில் ஜீப்பை நிறுத்திவிடுவோம். அன்று இரவு முத்துப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய், பாமணித் தண்ணீர் காயலில் கலக்கிற பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது மகன் சேர்த்த திட்டம். படகுக்கு வனத்துறையிடம் கேட்டு ஏற்பாடு செய்வதும் அவன் பொறுப்பு. திங்கட்கிழமை பஸ்ஸில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.