நெற்றி வியர்க்காத குழந்தை

இதயத்து ஓட்டைக்கான அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள் மகளைத் தராசில் கிடத்தினார்கள். 3.9 கிலோ. சிகிச்சைக்கு உள்ளே போகும்போது 4.1 இருந்தாள். ஓட்டையை அடைத்த பிறகும் எடை இறங்குகிறதே என்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனையின் நடைவழியில் நின்று அழுதுவிட்டேன். குறைந்தது சதையல்ல, உடலில் தேங்கியிருந்த நீர் என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். நீரை வெளியேற்ற ஃபியூரோசமைடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு இருந்த 4.1 கிலோவிலும் அந்த நீர் சேர்ந்திருந்தது.

பிறந்தபோது 2.9 கிலோ. நான்கு மாதத்தில் 4.1 கிலோ வரைதான் ஏறியிருந்தாள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டை. உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு மறுபடி நுரையீரலுக்கே போய்விடும். இதயமும் மூச்சும் ஓயாமல் உழைக்க, குடித்த பால் அந்த உழைப்புக்கே தீர்ந்துவிடும். ஐந்து நிமிடம் குடித்தால் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். காம்பை விட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள்.

பத்தாம் நாள், மூக்கு வழியே வயிற்றுக்குப் பால் கொண்டுபோகும் குழாயோடு, டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 130 கலோரி என்று உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுத் தந்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 80 மில்லி, எட்டு வேளை. பீய்ச்சிய தாய்ப்பாலில் அவர் எழுதித் தந்த அளவு மட்டும் பால்மாவு கலக்க வேண்டும். சீக்கிரம் தேறட்டும் என்று நாமாக ஒரு கரண்டி கூட்டினால் வயிற்றுப்போக்கில் முடியும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இருபது நிமிடம் வாயால் குடிப்பாள். மிச்சம் குழாய் வழியே. முதலில் குழாயிலிருந்து துளி உறிஞ்சி, நிறம் மாறும் தாளில் விட்டு, நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலில் பாலை ஊற்றி உயர்த்திப் பிடிப்பேன். அதிகம் உயர்த்தினால் விரைவாக இறங்கும், வாந்தி வரும். அவள் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் நூல் போல இறங்கும். இரவு இரண்டு மணிக்கு என் கை நடுங்கும்போது என் மாமியார், அதாவது அவளுடைய ஆயா (பாட்டி), பேசாமல் வந்து வாங்கிப் பிடிப்பார்.

நாகர்கோவிலிலிருந்து அம்மா தேனும் கேழ்வரகுக் கூழும் கொடுக்கச் சொன்னார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது; கூழுக்கும் இன்னும் நாளாகவில்லை. அம்மாவிடம் மறுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இந்த விஷயத்தில் பேசினேன். பார்க்க வந்தவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போகும்போதும் அப்படித்தான். நெஞ்செலும்பு கூட ஆறு வாரமாகும். கழுத்தையும் பின்பக்கத்தையும் தாங்கித்தான் எடுக்க வேண்டும்.

நான் செய்த பிழை, தினமும் நிறுத்தது. ஒரு நாள் 40 கிராம் கூடும், மறுநாள் 50 குறையும். அன்று எனக்குச் சோறு இறங்காது. அவசரத்துக்குப் போன ஒரு கிளினிக்கில் ஈரத்துணியோடு நிறுத்து 200 கிராம் கூடுதலாக எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் வழக்கமான தராசில் குறைந்துவிட்டாள் என்று வீடே கலங்கியது. அதன்பின் வாரம் ஒருமுறை, ஒரே தராசு, துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன்பு என்று வைத்துக்கொண்டோம்.

உண்மையில் தராசுக்கு முன்பே நெற்றி சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், பால் குடித்து முடித்தவளின் நெற்றியைப் பழக்கத்தில் துடைத்தேன். துணி ஈரமாகவில்லை. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வாரம் 180 கிராம் ஏறியிருந்தாள்.

ஏழாம் வாரம் ஒரு விடியற்காலை அவளே குழாயைப் பிடுங்கிவிட்டாள். மருத்துவமனைக்குப் போன் செய்தோம். வாயாலேயே குடிக்கிறாளா என்று அன்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். குடித்தாள். மறுநாளும் குடித்தாள்.

ஏழு மாதம் முடிந்தபோது 6.1 கிலோ. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த சிவப்புத் தடம் மட்டும் இன்னும் மறையவில்லை. குளிப்பாட்டியதும் ஆயா அங்கே ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கிறார்.