வாளிக்குள் லிட்டர் கோடுகள்

காலரா வார்டில் கட்டிலின் நடுவே ஒரு ஓட்டை இருக்கும், அதற்குக் கீழே ஒரு வாளி. உடம்பிலிருந்து போகிற நீரை அளந்து அவ்வளவையும் திரும்ப ஏற்றியாக வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் கண் குழிந்து, நாடி பிடிபடாமல் வந்து சேர்ந்தால் முதல் 3 மணி நேரத்தில் 5 லிட்டர் ரிங்கர் லாக்டேட், அதாவது நரம்பு வழியாக ஏற்றும் உப்பு கலந்த டிரிப் திரவம், தேவை. அதில் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணிக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகும் வாளிக் கணக்கு தவறக் கூடாது.

வெளிநாட்டுப் பணி என்று நான் முதலில் போனது அப்படியொரு வார்டுக்குத்தான். ஆறு வார ஒப்பந்தம். மூன்றாம் நாளே கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாக ஒரு கணக்குப் படிவம் தயாரித்தேன். அங்கே பல வருடமாக இருக்கும் மூத்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் அதை நிரப்பினார். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பேசும்போது படிவம் பற்றிக் கேட்டேன். பிரிண்டரில் மை தீர்ந்த அன்றே நின்றுவிட்டதாம். சரி, அப்புறம்? “எங்கள் நோட்டு இருக்கிறதே, சிஸ்டர்.”

அந்த நோட்டை நான் தினமும் பார்த்தவள்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட, ஓரம் மடங்கிய நோட்டு. ஒவ்வொரு வாளிக்குள்ளும் பெயின்டால் லிட்டர் கோடு போட்டு வைத்திருந்ததும் அவரே. நடு இரவில் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். அந்த நோட்டைத் திறந்து படிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் செய்தேன். நரம்பு கிடைக்காத நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நானே டிரிப் போட்டுவிடுவேன், வேலை சீக்கிரம் முடியும். ஆறு வாரத்தில் இளம் நர்ஸ்கள் ஒருவருக்கும் கை பழகவில்லை.

களைப்பும் இரண்டு விதமாக இருந்தது. என் ஒப்பந்தத்தில் ஓய்வு நாட்கள் எழுதியிருந்தன. அதே 12 மணி நேர ட்யூட்டி பார்த்த அந்த மூத்த நர்ஸ் அம்மாவுக்குச் சம்பளமே மூன்று மாதப் பாக்கி. பணியிடத்தின் தீராத அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்கப்பட்ட புதிய நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது, அதுவும் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிகழ்வாக. அப்படியானால் மருந்தும் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுச் சம்பளத்தைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 கணக்குப்படி உலகில் சுமார் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. ஏழில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கிறார். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பணக்கார நாடுகள் ஆள் எடுப்பதற்கு 2010-இலேயே ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டது, ஆனால் சட்டம்போல யாரையும் அது கட்டுப்படுத்தாது. இருப்பவர்களை இருக்க வைப்பது சம்பளமும் ஓய்வும், யாருக்கு எப்போது ட்யூட்டி என்று சொல்லும் ரோஸ்டரும்தான்.

அடுத்த முறை போனபோது திட்டச் செலவிலேயே உள்ளூர் நர்ஸ்களுக்கான ஓய்வு நாட்களை எழுதச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். பாதிதான் கிடைத்தது. கடைசி வாரம் ரோஸ்டரில் என் பெயரே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் வறண்டு போன ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். இளம் நர்ஸின் முதல் முயற்சி தவறியது. என் கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை, டிரிப் ஏற்றும் ஊசிக்குழாயான கேனுலாவில் ரத்தம் தெரிந்தது, நரம்பு கிடைத்துவிட்டது. நான் பிளாஸ்டரை மட்டும் கிழித்துக் கொடுத்தேன்.