380 மில்லிகிராம் விஷமும் ஐந்து மாதமும்

ஐரோப்பாவுக்குக் கறிவேப்பிலை அனுப்புகிறவர்கள் எங்கள் லேபுக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல மருந்து இருக்குதுங்களா?" பூச்சிக்கொல்லியை மருந்து என்று சொல்லியே பழகிவிட்டோம். செடிக்கு அடித்தாலும் மருந்து, யாராவது குடித்துவிட்டாலும் மருந்து.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, எங்கள் கருவி அந்த மருந்தை முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். சுத்தமான பொருளை, தெரிந்த அளவில், முதலில் கருவிக்குள் செலுத்துவோம். அது எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வருகிறது, எந்த எடையுள்ள துண்டுகளாக உடைகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு கறிவேப்பிலைச் சாற்றில் அதே அடையாளம் தெரிகிறதா என்று தேடுவோம். அந்தச் சுத்தமான பொருளுக்கு லேபில் 'ஸ்டாண்டர்டு' என்று பெயர். எந்த விஷத்தைத் தேடுகிறோமோ அதே விஷம் கையில் இல்லாமல் தேட முடியாது.

எந்தெந்த மருந்தைச் சோதிக்க எங்கள் லேபுக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியலை விரிவுபடுத்த 2021 அக்டோபரில் முடிவானது. ஆர்டர் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் 11 குப்பிகள்: டிடிடி குடும்பத்தில் நான்கு, ஆல்ட்ரின், டீல்ட்ரின், எண்டோசல்ஃபானில் மூன்று, மோனோகுரோட்டோபாஸ், ஃபோரேட். மூன்று குப்பிகளில் தலா 100 மில்லிகிராம், மீதி எட்டில் தலா 10 மில்லிகிராம். கூட்டினால் 380 மில்லிகிராம், அரை கிராமுக்கும் குறைவு. மூன்று வாரத்தில் வந்துவிடும் என்று மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

ஜெர்மனியில் இருக்கும் விற்பனையாளரிடம் விலைப்பட்டியல் கேட்டேன். கேள்விப்பட்டியல் வந்தது. யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்கு, மீதமானதை எப்படி அழிப்பீர்கள், உங்கள் நாட்டு அனுமதி எங்கே? கடைசி வரியில், 'இவற்றுள் சில பொருள்கள் ரோட்டர்டாம் ஒப்பந்தத்தின் கீழ் வருபவை, சிறப்பு எண் பெற்ற பிறகே அனுப்ப முடியும்' என்று இருந்தது.

ரோட்டர்டாம் எனக்கு அதுவரை ஒரு துறைமுகத்தின் பெயர் மட்டும்தான். அன்று ராத்திரி உட்கார்ந்து ஒப்பந்தத்தையே படித்தேன். ஆபத்தான ரசாயனங்களைத் தடை செய்யும் ஒப்பந்தம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அது எதையும் தடை செய்வதில்லை. 1998 செப்டம்பரில் நிறைவேறி 2004 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2005 மே மாதம் சேர்ந்தது. மூன்றாம் இணைப்பு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரு ரசாயனம் அதில் ஏறியதும் ஒவ்வொரு நாடும் ஒன்பது மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்: இறக்குமதிக்குச் சம்மதமா, இல்லையா, நிபந்தனையோடு சம்மதமா. அந்தப் பதிலை மீறித் தன் நாட்டு நிறுவனங்கள் சரக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்வது ஏற்றுமதி செய்யும் நாட்டின் பொறுப்பு. பட்டியலில் இல்லாவிட்டாலும், தன் நாட்டில் தடை செய்த ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்பினால் வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 'இது என்னவென்று தெரிந்துதான் வாங்குகிறாயா?' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதோடு அதன் வேலை முடிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. 2012ஆம் ஆண்டின் 649ஆம் எண் சட்டத்தில் தனக்கென்று இன்னும் நீளமான பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. ஹெல்சிங்கியில் உள்ள ரசாயன முகமையின் இணையதளத்தில் ஏற்றுமதியாளர் விவரம் பதிந்து ஓர் எண் பெற வேண்டும். ஏற்றுமதி அறிக்கையில் அந்த எண் இல்லாவிட்டால் பெட்டி அவர்கள் சுங்கத்தைத் தாண்டாது.

எங்களைப் போன்ற லேப்களுக்கு விலக்கு இருக்கிறது. ரோட்டர்டாமின் 3ஆம் பிரிவே ஆய்வுக்காகப் போகும் சிறிய அளவுகளை வெளியே விட்டுவிடுகிறது. டிடிடி, ஆல்ட்ரின், டீல்ட்ரின், எண்டோசல்ஃபான் ஆகியவற்றின் மீது, சுற்றுச்சூழலில் நெடுநாள் அழியாமல் தங்கும் ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும் இருக்கிறது. அதிலும் ஆய்வகத்துக்கான ஸ்டாண்டர்டுகளுக்கு விலக்கு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தில், ஓர் ஏற்றுமதியாளர் ஒரு நாட்டுக்கு ஒரு காலண்டர் ஆண்டில் ஒரு ரசாயனத்தை 10 கிலோவரை ஆய்வுக்காக அனுப்பலாம். படித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன். விலக்கு இருக்கிறது என்பதைக் காட்டவும் ஒரு காகிதம் வேண்டும் என்பது மறுநாள்தான் உறைத்தது. விற்பனையாளர் கேட்ட சிறப்பு எண் அதற்குத்தான்.

அது அவர்கள் பக்கத்து வேலை. நம் பக்கத்தில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள பொருளை இறக்குமதி செய்ய ஃபரிதாபாத்தில் இருக்கும் பதிவுக் குழுவைத்தான் அணுக வேண்டும். விண்ணப்பம் தயார் செய்தேன். விற்கவோ தெளிக்கவோ அல்ல, பரிசோதனைக்கு மட்டுமே என்ற உறுதிமொழி, லேபின் அங்கீகாரச் சான்றிதழ், ஒவ்வொரு பொருளின் அளவு, எல்லாம் வைத்தேன். அங்கேதான் சொதப்பினேன்.

ரசாயனங்களுக்கு சிஏஎஸ் எண் என்று ஒன்று உண்டு, நமக்கு ஆதார் எண் மாதிரி. எண்டோசல்ஃபான் என்று தேடியதும் வந்த 115-29-7ஐ விண்ணப்பத்தில் போட்டுவிட்டேன். கடையில் விற்ற எண்டோசல்ஃபான் இரண்டு வடிவங்களின் கலவை, அந்தக் கலவையின் எண் அது. நான் ஆர்டர் செய்திருந்ததோ ஆல்ஃபா தனியாக, பீட்டா தனியாக, அது மண்ணிலும் செடியிலும் சிதைந்து உண்டாகும் சல்ஃபேட் தனியாக. எச்சத்தைக் கணக்கிடும்போது மூன்றையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்பதால் மூன்றும் தேவை. மூன்றுக்கும் வேறு வேறு எண். விண்ணப்பத்தில் ஒரு பொருள், விற்பனையாளரின் பட்டியலில் மூன்று. யார் பார்த்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தைப் படித்தபோது கோபம் என் மேல்தான் வந்தது. நிலம் வாங்குகிறவர் சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் பத்திரம் போடுவாரா?

திருத்தி அனுப்பி, கேட்டதற்கெல்லாம் பதில் போட்டு, அனுமதி கைக்கு வந்தபோது டிசம்பர் கடைசி வாரம். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஜனவரியில் கூப்பிட்டால், "போன வருடத்து எண் போன வருடத்தோடு முடிந்தது, புதிதாக வாங்க வேண்டும்" என்றார்கள். காலண்டர் ஆண்டு என்று நானே படித்திருந்தேன். படித்தது டிசம்பர் 31 அன்று ஞாபகம் வரவில்லை. இந்த மாதிரி ஆர்டர் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தயவுசெய்து அக்டோபரில் ஆரம்பிக்காதீர்கள்.

பொங்கலுக்குக் காரமடையில் மாமா வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலைதான் அவருக்குப் பிரதானம், கொஞ்சம் பருத்தியும் உண்டு. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன்.

"மோனோவா? அதுக்கா கண்ணு இத்தனை அலைச்சல்? சாளையில அரை லிட்டர் கிடக்குது, எடுத்துட்டுப் போ."

நிஜமாகவே கிடந்தது. பருத்திக்கு வாங்கியது, உரச்சாக்குக்குப் பின்னால், துணி சுற்றிய மூடியோடு. லேபிளில் 36 சதவீதம் என்று இருந்தது. மீதி 64 சதவீதம் என்ன, வாங்கி எத்தனை நாளாயிற்று, வெயிலில் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. லேபுக்கு அது உதவாது. ஆனால் அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மோனோகுரோட்டோபாஸ் ரோட்டர்டாம் பட்டியலில் இருக்கிறது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று இங்கே 2005லேயே சொல்லிவிட்டார்கள். பருத்திக்கு அப்போது அடிக்கலாம். ஆகவே கடைக்காரர் யாரையும் எதையும் கேட்காமல் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு 10 மில்லிகிராம் தர மூன்று அலுவலகங்கள் கேள்வி கேட்கின்றன. (அந்த 36 சதவீத மருந்துக்கு 2023இல் மத்திய அரசு தடை போட்டது. மாமா பாட்டிலை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.)

திரும்பும் வழியில் பஸ்ஸில் இன்னொரு கணக்கும் கண்ணில் பட்டது. 2018இல் மட்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், தங்கள் வயல்களில் தடை செய்த பூச்சிக்கொல்லிகளை 81,000 டன்னுக்கு மேல் வெளியே அனுப்ப அறிவிப்புக் கொடுத்திருந்தன. அதில் மற்ற எதையும்விட அதிகம் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதை ரோட்டர்டாம் பட்டியலில் ஏற்ற 2013 முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் முயல்கிறார்கள். எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஏற்ற முடியும் என்பதால், நாலைந்து பேர் தலையாட்டாவிட்டால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான டன்னுக்கு ஓர் அறிவிப்பு, என் 380 மில்லிகிராமுக்கு ஒரு ஃபைல். எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் அந்த 81,000 டன் என்ற கணக்கே அந்த அறிவிப்புகளைக் கூட்டித்தான் வெளியே வந்தது.

பிப்ரவரி கடைசியில் பெட்டி விமானத்தில் வந்து இறங்கி, சுங்கத்தில் நின்றது. இந்தத் தடவையும் தவறு என்னுடையதுதான். சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் அதன் வகையைச் சொல்லும் ஓர் எண் போட வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜென்ட் போன் செய்தார்: "மேடம், பதினொண்ணுக்கும் 3822 போட்டிருக்கீங்களே, எப்படி?"

"ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டுன்னா 3822 தானே அண்ணா?"

"கலவையா இருந்தா சரி மேடம். இது தனித்தனிப் பொருள். 29க்குப் போயிரும்."

அவர் சொன்னது சரி. சான்றளிக்கப்பட்ட ஸ்டாண்டர்டுகளுக்கு 3822தான் முன்னுரிமைத் தலைப்பு, ஆனால் சுங்க எண் பட்டியலின் 28, 29ஆம் அத்தியாயங்களில் வரும் ரசாயனங்களுக்கு அந்த முன்னுரிமை கிடையாது. டிடிடி 2903.92இல் இருக்கிறது, எண்டோசல்ஃபானுக்கு 2920.30 என்று சொந்த எண்ணே உண்டு. 'இதர கரிமச் சேர்மங்கள்' என்ற பொதுப் பெயரின் கீழ் யாரும் ஒளித்துவைக்க முடியாதபடி இப்படித் தனி எண் கொடுக்க வேண்டும் என்பது ரோட்டர்டாம் 13ஆம் பிரிவின் எண்ணம். ஒளித்துவைக்க நினைக்காத நான் தெரியாமல் ஒளித்திருந்தேன். ஒவ்வொரு குப்பியின் பகுப்பாய்வுச் சான்றிதழ், ஃபரிதாபாத் அனுமதி, சிறப்பு எண் உள்ள ஏற்றுமதி அறிக்கையின் நகல், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தோம். பெட்டி தேங்கி நின்றதற்கு ஆறு நாள் டெமரேஜ் கட்டணம் கட்டினோம். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு ஸ்டாண்டர்டு வாங்கியிருக்கலாம்.

மார்ச் 4, வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி லேபுக்கு வந்தது. மிக்ஸி வரும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் தெர்மாகோல், அதற்குள் தகர டப்பா, அதற்குள் உறிஞ்சும் துகள், அதற்குள் சுண்டுவிரல் உயரத்தில் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். மோனோகுரோட்டோபாஸ் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு பொடி ஒட்டியிருந்தது, அரை அரிசி அளவுக்கு. கூட வேலை செய்யும் பெண், "இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

கையுறை மாற்றி, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து அதைக் கரைத்தோம். ஒரு கிலோ இலையில் 0.01 மில்லிகிராம் இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும், அந்த அளவுக்கு நீர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த அரை அரிசி எங்களுக்கு வருடக்கணக்கில் வரும். மாலை ஆறரைக்குக் கருவியின் திரையில் அந்தப் பொருளைக் காட்டும் முதல் முகடு எழுந்தது, மெல்லியதாக, நேராக.

திங்கட்கிழமை குப்பிகளைப் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் காலாவதித் தேதிகளைப் பார்த்தேன். பத்துக் குப்பிகளுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. ஃபோரேட்டுக்கு மட்டும் 2022 நவம்பர். பழைய ஃபைலை மூடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு, புதிய விண்ணப்பத்தில் முதல் வேலையாக சிஏஎஸ் எண்ணை எழுதினேன். சான்றிதழைப் பார்த்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.