ரிவேர்ஸ் விழ ரெண்டு செக்கன் பிந்தினா விட்டிடாதேங்கோ

ஓட்டோ கியர் கார் வச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. காலமை கிளிநொச்சி வீட்டில காரை ஸ்ரார்ட் பண்ணி ரிவேர்ஸ் போட்டா உடன இழுக்காது, ரெண்டு செக்கன் சும்மா நிண்டிட்டு டக் எண்டு ஒரு உதை, சூடாகினாப் பிறகு ஒண்டும் தெரியாது, அதால ரெண்டு மாசம் அப்பிடியே ஓடித்திரிஞ்சன். பிறகு ஒரு கராஜ்ஜில காட்ட, ஓடிக்கூடப் பாக்காமல், எஞ்சினைத் தாங்கிற எஞ்சின் மவுண்ட்தான் பிழை எண்டு அதை மாத்திவிட்டினம். 18,000 ரூபா போச்சு, உதை போகேல்ல. கியர் ஒயிலை ஒருக்காப் பாருங்கோ அண்ணை எண்டு கேட்டதுக்கு, "அது ஆயுளுக்கும் காணும், துறக்கத் தேவையில்லை" எண்டார். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

அடுத்த கிழமை வவுனியாவில காட்டுவம் எண்டு வெளிக்கிட்டன். ஏ9 இல ஒரு பஸ்ஸை முந்த மிதிக்கிறன், எஞ்சின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளு 4000க்கு ஏறுது, வேகம் 60ஐ விட்டு அசையுதில்லை. முறிகண்டியில நிப்பாட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் பையோட திரும்பி வந்தா காருக்குக் கீழ மணல் இருண்ட சிவப்பா ஊறிக்கிடக்கு. எஞ்சின் ஒயில் எண்டா கறுப்பு, இது கியர் ஒயில். லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) வச்சிருந்த தம்பி ஒருவர் கயிறு கட்டி இழுப்பம் எண்டு உதவிக்கு வந்தார், நல்ல மனம், ஆனா முன்சில்லு இழுக்கிற ஓட்டோ கார்களை முன்சில்லு நிலத்தில உருள இழுத்தா கியர்பொக்ஸ் உள்ளுக்க ஒயில் ஓடாமல் தேஞ்சு போகும், அதால கரியர் லொறி பிடிச்சன். வவுனியாவில இறங்கினா கராஜ் பூட்டு, அண்டைக்குப் போயா லீவு! காரை மச்சாள் வீட்டில விட்டிட்டு பஸ்ஸில வந்தன்.

மற்ற நாள் கராஜ் பாஸ், ஒழுகினதுக்குக் கொஞ்சம் ஒயில் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, மட்டமான இடத்தில ஓடவிட்டபடி கியர் ஒயில் அளக்கிற கம்பியை (டிப்ஸ்ரிக்) இழுத்து வெள்ளைத் துணியில துடைச்சார். சிவப்பா இருக்கவேண்டியது கடும் பிளேன்ரீ நிறம், கருகின மணம். கியர் ஒயிலைக் குளிராக்கிற கூலருக்குப் போற ஹோஸ் மூட்டில ஒழுக்கு. கியர்பொக்ஸுக்குக் கீழ இருக்கிற ஒயில் தட்டைக் கழட்ட எனக்கு நெஞ்சு இடிச்சுது, ஏனெண்டா 2020இல வாகன இறக்குமதி நிண்டதோட பாவிச்ச கியர்பொக்ஸ் விலையும் எங்கட கைக்கு எட்டாமல் போட்டுது. தட்டில இருக்கிற காந்தத்தில மெல்லிய சேறு மட்டும்தான், உள்ளுக்க உடைஞ்சா வாற இரும்புத் துண்டு ஒண்டும் இல்லை. "தப்பீட்டீங்கள் தம்பி" எண்டார்.

ஹோஸ், பில்டர், ஒயில் மாத்தினதோட சரி. காரோட வந்த புத்தகத்தில போட்டிருக்கிற ஒயில்தான் விடவேணும், சீவீரி (CVT, பெல்ட்டில ஓடுற ஓட்டோ கியர் வகை) எண்டா அதுக்கெண்டே தனி ஒயில், கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" எண்டா அந்தக் கடையில வாங்காதேங்கோ.

இண்டைக்குக் காலமை ரிவேர்ஸ் போட்டன், கியர்க் கம்பியில இருந்து கையெடுக்க முன்னமே இழுத்திட்டுது.