கெட்டியான ஸ்பிரிங் போட்ட பிறகு வண்டி மெத்தென்று போகிறது

என் டர்ட் பைக்கின் சஸ்பென்ஷனை மாற்றி, டிரெயிலில் ஆசை தீர ஓட்டியும் பார்த்தாயிற்று. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னாலும் பின்னாலும் பழையதைவிடக் கெட்டியான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், வண்டியோ முன்பைவிட மெத்தென்று போகிறது. "அதெப்படி, கெட்டி ஸ்பிரிங் போட்டால் இன்னும் தூக்கித்தானே போடும்?" என்று கேட்காத ஆளே இல்லை. இளக்கமான ஸ்பிரிங் போட்டால்தான் சொகுசு என்று நினைத்துக்கொண்டு, கல்லிலும் வேரிலும் கை வலிக்க வலிக்க ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பல என்டியூரோ வண்டிகளின், அதாவது கரடுமுரடான பாதையில் நீண்ட தூரம் ஓட்டுகிற டர்ட் பைக்குகளின், கையேட்டைப் புரட்டினால், ஓட்டுபவர் எடை 75 முதல் 85 கிலோ என்று வைத்து ஸ்பிரிங் போட்டிருப்பதாக இருக்கும். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை, அதற்குள் டூல்ஸ், டியூப் எல்லாம் சேர்த்தால் நான் 95 கிலோவை நெருங்குவேன். அந்தக் கூடுதல் எடை ஏறி உட்கார்ந்ததுமே பின்பக்கம் தேவைக்கு மேல் இறங்கிவிடும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்கைக் குத்திக்கொண்டு போகும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், அதாவது டிராவல், சுமார் 300 மி.மீ. இருக்கிற வண்டியில் பாதியை என் எடையே தின்றுவிட்டால், கல் வந்து அடிக்கும்போது மிச்சம் என்ன இருக்கும்?

மிச்சம் குறைவு என்பது பாதிக் கதைதான். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் ஆழமாக இறங்க இறங்க உள்ளே இருக்கிற காற்று நெருங்கி, அதுவே இன்னொரு ஸ்பிரிங் மாதிரி எதிர்க்க ஆரம்பிக்கிறது. பின்னால் லிங்கேஜ் (சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கிற நெம்புகோல் அமைப்பு) உள்ள வண்டியென்றால், சக்கரம் மேலே ஏற ஏற பின் ஷாக் இன்னும் வேகமாக அமுங்கும்படி லிங்கேஜை வடிவமைத்திருப்பார்கள், குதித்து இறங்கும்போது அடியில் போய் இடிக்காமல் இருப்பதற்காக. ஆக, இளக்கமான ஸ்பிரிங்கில் கனமான ஆள் உட்கார்ந்தால் அவர் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது சஸ்பென்ஷனின் முரட்டுப் பகுதியில். கையில் வந்து அடிப்பது அந்த முரட்டுத்தனம்தான். எடைக்கேற்ற ஸ்பிரிங் வண்டியை மேலே தூக்கி நிறுத்துகிறது, அந்த இளகின மேல் பாதியில் சக்கரம் சுதந்திரமாக ஏறி இறங்குகிறது. என் வண்டியில் முன்னால் 4.2 இருந்ததை 4.4 ஆக்கினோம், பின்னால் 42 இருந்ததை 45. ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்ற கணக்கு அது. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம், உட்கார்ந்து பார்த்தால் வேறு வண்டி.

ஸ்பிரிங் போட்டதோடு வேலை முடியாது, சேக் பார்த்தாக வேண்டும். வண்டி தன் எடையிலும் நம் எடையிலும் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவுதான் அது. ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, ஆக்ஸிலில் இருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி வைத்து அளந்தேன், 610 மி.மீ. தரையில் இறக்கி, யாரும் உட்காராமல் அளந்தால் 575. அப்புறம் முழு கியரும் போட்டுக்கொண்டு ஃபுட்பெக்கில் ஏறி நின்றேன், நண்பர் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளந்து 505 என்றார். அதாவது வண்டியின் தாழ்வு 35, என்னோடு சேர்த்து 105. முழு நீள டிராவல் உள்ள லிங்கேஜ் வண்டிக்கு 100 முதல் 105, மொத்த டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நல்ல தொடக்கம். ஏறி நின்றதும் உடனே அளக்கக் கூடாது. ரெண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, உராய்வு விடுபட்டு அது தானாக நிற்கிற இடத்தில்தான் அளக்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிற ப்ரீலோட் நட்டைத் திருகி ஆளோடு சேர்த்த அளவை 105க்குக் கொண்டுவந்துவிடலாம், பழைய ஸ்பிரிங்கிலும் வரும். ஆனால் அப்படிக் கொண்டுவந்த பிறகு வண்டி மட்டும் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். 20க்கும் கீழே போய், கிட்டத்தட்ட தாழவே இல்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு இளக்கம். ஆமாம், இளக்கம்தான். ஆள் எடையைத் தாங்க அதை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருப்பதால்தான் வண்டி தன் எடைக்கு இறங்க மாட்டேன் என்கிறது. ஆளில்லாமலே 45, 50 என்று இறங்கினால் ஸ்பிரிங் கெட்டி. முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஒரு முறை யோசித்துவிட்டால் பிறகு மறக்காது. ப்ரீலோட் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை, அது வண்டி நிற்கிற உயரத்தைத்தான் மாற்றுகிறது. இந்த இரண்டு அளவையும் பார்க்காமல் கிளிக்கரை (டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கிற திருகை) திருகிக்கொண்டிருப்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

சரி, டேம்பிங். சஸ்பென்ஷன் ஏறி இறங்குகிற வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்துவதுதான் அது. ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் பிஸ்டன் நகரும்போது எண்ணெய் துளைகள் வழியாகப் போகிறது, அந்தத் துளைகளை மூடிக்கொண்டு மெல்லிய எஃகு ஷிம்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றும் 0.1, 0.15, 0.2 மி.மீ. என்ற கனத்தில். மெதுவாக அமுங்கும்போது எண்ணெய் பெரும்பாலும் கிளிக்கரின் ஊசி வழியாகப் போய்விடும். கூரான கல் அடித்தால் ஷிம்கள் வளைந்து வழிவிட வேண்டும். கிளிக்கர்களைப் பற்றிச் சொல்லும்போது லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்பது வண்டியின் வேகத்தை அல்ல, பிஸ்டன் நகர்கிற வேகத்தை. முதல் கியரில் ஊர்ந்துகொண்டே ஒரு செவ்வகக் கல்லில் ஏறினாலும் பிஸ்டனுக்கு அது அதிவேகம்தான். அமுங்குவதைக் கட்டுப்படுத்துகிற கம்ப்ரெஷன் கிளிக்கரை முழுக்கத் திறந்துவிட்டாலும் கல் அடி குறையவே இல்லை என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான், கிளிக்கரின் கை அங்கே பெரிதாக எட்டாது. ஷிம் அடுக்கையே மாற்ற வேண்டும். டிரெயில் வேகத்துக்கு ஏற்றபடி அதை இளக்கிக் கொடுக்கச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் செய்துகொண்டேன். பின் ஷாக்குக்குள் சுமார் 10 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், அதை வீட்டில் திறக்க நினைக்கவே வேண்டாம்.

டிரெயிலுக்கு வருவோம். நான் ஆசையாகக் காத்திருந்தது காய்ந்த ஓடைப்படுகைக்கு. கைப்பிடி அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள், எதுவும் மண்ணில் பதிந்திருக்காது, சக்கரம் பட்டால் உருளும். முன்பெல்லாம் முன் சக்கரம் கல்லின் மேலே ஏறாமல் பக்கவாட்டில் தெறிக்கும், அதை இழுத்துப் பிடிப்பதற்குள் அடுத்த கல், அதற்குள் முன்கை இறுகி விரல்களால் கிளட்சைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது. இப்போது சக்கரம் கல்லின் மேல் ஏறுகிறது, இறங்குகிறது, ஹேண்டில் மட்டும் தன் பாட்டுக்கு நேராக நிற்கிறது. கீழே குனிந்து பார்த்தால் ஃபோர்க் குழாய் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஆட்டத்தில் கொஞ்சம்தான் என் கைக்கு வந்து சேர்கிறது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதே படுகையில் திரும்பவும் மேலேறி, திரும்பவும் இறங்கினேன்.

ஓட்டத்துக்கு முன்னால் ஃபோர்க் குழாயைச் சுற்றி ஒரு கேபிள் டை கட்டி, சீல் வரை தள்ளி வைத்திருந்தேன். எவ்வளவு டிராவல் பயன்படுகிறது என்று காட்டுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. திரும்பி வந்து பார்த்தால் முழு ஆழத்துக்கும் 30 மி.மீ. முன்னால் நின்றுகொண்டிருந்தது. டிரெயிலுக்கு அது சரி. ஒரு பெரிய குழியோ எதிர்பாராத பள்ளமோ வந்தால் அந்த மிச்சம் வேண்டும்.

செங்குத்தான இறக்கத்தில் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. படிப்படியாக இறங்குகிற பாறையில் முன் பிரேக்கைத் தொட்டதும் மூக்கு குத்தினால், ஸ்டியரிங் கோணம் நிமிர்ந்து சக்கரம் நம்மை நோக்கி உள்ளே வந்துவிடும், ஆளை ஹேண்டிலுக்கு மேலே தூக்கிப் போடுவதற்கு அது போதும். இப்போது ஃபோர்க் மேலே நிற்பதால் முன் பிரேக்கை நம்பி ஒரு விரலால் இழுத்துக்கொண்டே இறங்க முடிகிறது. ஏற்றத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை. முன்பு பின்பக்கம் உட்கார்ந்து முன் சக்கரம் லேசாகி, வேண்டிய கோட்டில் நிற்காமல் அலையும். அது போய்விட்டது. பின் சக்கரம் ஒவ்வொரு வேரையும் தடவிக்கொண்டு ஏறுவதால், த்ரோட்டிலை நிதானமாக வைத்தே மேலே வந்துவிடலாம், சுழன்று மண்ணை வாரி இறைக்கிற வேலையே குறைந்துவிட்டது.

ரீபவுண்டைச் சரி பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழுகிற வேகம் அது. மெதுவாக எழுந்தால், வரிசையாக மேடு பள்ளம் வரும்போது ஒன்றில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும், அப்படியே கீழே கீழே போய்க் கடைசியில் கட்டைபோல் ஆகிவிடும். வேகமாக எழுந்தால் பின்பக்கம் உதைக்கும். ஒரே பாதையை, சுமார் ஒரு நிமிடம் ஓடுகிற ஒரு துண்டை, திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு முறைக்கு ஒரு கிளிக்கரை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றிப் பார்த்தேன். கிளிக்கரை வலப்பக்கமாகத் திருகி முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஷாக் சூடானதும் எண்ணெய் இளகி ரீபவுண்ட் கொஞ்சம் வேகமாகும், அதனால் புறப்பட்ட உடனே மாற்றினது கணக்கில் சேராது, கொஞ்சம் ஓடிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

காசு செலவழிக்காமல் கிடைக்கிற லாபம் சிலது இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓட ஓட ஃபோர்க்குக்குள் காற்று சேர்ந்து முன்பக்கம் கடினமாகும், மலை ஏறினாலும் அப்படித்தான், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். ஃபோர்க் மூடியில் இருக்கிற சின்ன ஸ்குரூவை, முன் சக்கரம் தரையில் படாதபடி வைத்துத் திறந்தால் புஸ் என்று போய்விடும். முன் ஆக்ஸிலை இறுக்கும்போது, ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டால் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும், இல்லையென்றால் எவ்வளவு நல்ல ஃபோர்க்கும் பிடித்துப் பிடித்துத்தான் நகரும். ஃபோர்க் குழாயைப் பிடிக்கிற கீழ் கிளாம்ப் போல்ட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) மேல் இறுக்கினாலும் இதே கதை, குழாய் நெரிந்துவிடும். டயரில் டியூபோடு 12 முதல் 14 பிஎஸ்ஐ. 20 வைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் முரடு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பழைய மாதிரி டேம்பிங் ராட் ஃபோர்க் உள்ள சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். அதில் ஷிம் கிடையாது, எண்ணெய் நிலையான துளைகள் வழியாகத்தான் போகும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் பிரேக் பிடித்தால் மூழ்குகிறது, கல் அடித்தால் பூட்டிக்கொள்கிறது. எடைக்கேற்ற ஸ்பிரிங், புது எண்ணெய், அந்த ராடின் மேல் உட்கார்கிற எமுலேட்டர் வால்வு, இந்த மூன்றும் போட்டால் அது ஆளே மாறிவிடும். சைலன்ஸர் மாற்றக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தால், அந்தக் காசை இதில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். டிரெயிலில் நம்மை நிறுத்துவது எஞ்சின் சக்தி போதாமல் போவதல்ல, கை ஓய்ந்துபோவதுதான்.

நின்று ஓட்டுவது, முட்டியால் டேங்கைப் பற்றிக்கொள்வது, ஹேண்டிலைத் தொங்கிப் பிடிக்காமல் இருப்பது, இதெல்லாம் நாம் செய்ய வேண்டியதுதான், எந்த ஸ்பிரிங்கும் செய்து தராது. ஆனால் முன்கை இறுகாமல் இருக்கும்போது அவையெல்லாம் தானாகவே நினைவில் இருக்கின்றன. பார்வையும் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற கல்லை விட்டு அடுத்த வளைவுக்குப் போகிறது.

இப்போதைக்குப் பின் ஷாக்கில் கம்ப்ரெஷனை இன்னும் இரண்டு கிளிக் திறந்து பார்க்க வேண்டும், ஈர வேர்களில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றுகிறது. முதல் மழை வரட்டும்.