காரணமே இல்லாமல் கொல்லப்பட்ட பார்பரா கோல்பி

ஒரு நடிகை கொலை செய்யப்பட்டார் என்று கேட்டதும் நம் மனம் உடனே காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடும். காதல் விவகாரமா, பணமா, சொத்துத் தகராறா, பெரிய இடத்து ரகசியம் ஏதாவது தெரிந்துவிட்டதா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். அமெரிக்க நடிகை பார்பரா கோல்பி விஷயத்தில் இந்தக் கேள்விகள் எதற்கும் பிடி கிடைக்கவில்லை. 1975 ஜூலை 24 அன்று லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் நடிப்பு வகுப்பு முடிந்து, ஜேம்ஸ் கீர்னன் என்ற சக நடிகரோடு தன் காரை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் வந்து சுட்டார்கள். கோல்பி அங்கேயே இறந்துபோனார். கீர்னனுக்கு இன்னும் உயிர் இருந்தது, என்ன நடந்தது என்று போலீஸிடம் சொல்ல முடிந்தது. சுட்டவர்கள் யாரென்று தனக்குத் தெரியாது, வாய்ச்சண்டை எதுவும் நடக்கவில்லை, காரணமே இல்லாமல் சுட்டார்கள் என்றார். அப்புறம் அவரும் இறந்துவிட்டார். கொள்ளையடிக்க முயன்றதற்கான அடையாளமும் இல்லை.

வழக்கு என்று கையில் இருப்பது இவ்வளவுதான். ஐம்பது வருடம் ஆகிவிட்டது, இதுவரை யாரும் பிடிபடவில்லை.

கோல்பிக்கு அப்போது வயது 36. நியூயார்க்கில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர், முதலில் மேடை நடிகை. 1965-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வந்து, அதற்கப்புறம் ஷேக்ஸ்பியர் நாடகங்கள், தொலைக்காட்சியில் ஒரு நாள் இரண்டு நாள் வேலை, சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள் என்று பத்து வருடம் ஓட்டியிருக்கிறார். ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'கலிஃபோர்னியா ஸ்ப்ளிட்' படத்தில்கூட ஒரு குட்டி வேடத்தில் வருவார். கணவர் ராபர்ட் லெவிட், பிராட்வேயின் பெரிய பாடகி ஈதல் மெர்மனின் மகன். அவ்வளவு பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போயும், இவருக்கு வேடங்கள் வந்தது அந்தப் பெயரால் இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்து மெதுவாக ஏறி வந்தவர் என்பது அவர் நடித்தவற்றின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

நம்மில் பலர் அவர் முகத்தைப் பார்த்திருப்போம், பெயர்தான் தெரிந்திருக்காது. 1971-இல் கொலம்போ என்ற துப்பறியும் கதைகள் டிவியில் தொடராக வர ஆரம்பித்தபோது முதல் கதை 'மர்டர் பை த புக்'. இயக்கியவர் அப்போது இருபத்து நான்கு வயதான ஸ்டீவன் ஸ்பீல்பர்க். இரண்டு பேர் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுகிறார்கள், அதில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிடுகிறார். கொலைகாரனுக்கு ஒரு ஏரிக்கரையில் வீடு உண்டு. அந்தப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் லில்லி லா சங்கா என்ற பெண்ணாக வருகிறார் கோல்பி. சம்பவத்தன்று அவர் ஒன்றைப் பார்த்துவிடுகிறார், பார்த்ததை வைத்துக் கொலைகாரனிடம் பணம் கேட்கிறார்.

இந்த வேடத்தை எப்படி வேண்டுமானாலும் கெடுத்திருக்கலாம். கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி, மிரட்டுகிற பெண் என்று ஒரே அடியில் முடித்திருக்கலாம். கோல்பி சிரித்துக்கொண்டே மிரட்டுகிறார். அந்தச் சிரிப்பில் பயமுறுத்தும் எண்ணம் கொஞ்சம்தான். தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து காலம் தள்ளும் பெண்ணுக்கு, அழகான, பேர்பெற்ற மனிதர் ஒருவர் தன்னைக் கவனித்தே ஆகவேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்ற சந்தோஷம்தான் நிறைய. பணத்தைவிட அந்தக் கவனிப்புதான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது. தனக்கு எதிரே இருப்பவன் ஏற்கெனவே ஒரு கொலை செய்தவன் என்று தெரிந்தும் ஷாம்பெயின் பாட்டிலோடு வந்தவனை வீட்டுக்குள் விடுகிறாரே, அதை நாம் நம்புவது அந்த நடிப்பால்தான். அந்தப் பாட்டிலாலேயே அவரை அடித்துக் கொன்று, படகு கவிழ்ந்து இறந்ததுபோல ஏரியில் போட்டுவிடுகிறான். திரையில் அவர் வருவது மொத்தமே சில காட்சிகள்தான். கதை முடிந்த பிறகும் முதலில் கொல்லப்பட்ட அந்த நாவலாசிரியரைவிட லில்லிக்காகத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

அமெரிக்காவில் அவர் பெயர் பரவியது 1974-இல். மேரி டைலர் மூர் ஷோ என்ற டிவி நகைச்சுவைத் தொடரில், செய்தி கிடைத்த இடத்தைச் சொல்ல மறுத்ததற்காக, டிவி செய்திப் பிரிவில் வேலை பார்க்கும் நாயகி மேரியைச் சிறையில் அடைப்பார்கள். அந்த அறையில் ஏற்கெனவே இருக்கும் பாலியல் தொழிலாளி ஷெர்ரியாக கோல்பி நடித்தார். மேரி நடுங்கிப்போய் மூலையில் நிற்க, ஷெர்ரிக்கு அந்த அறை பழகிப்போன வீடு மாதிரி. ரசிகர்களுக்கு ஷெர்ரியை அவ்வளவு பிடித்துப்போனதால் சில மாதம் கழித்து இன்னொரு கதையில் மறுபடி வரவழைத்தார்கள். அதில் ஷெர்ரி தொழிலை விட்டுவிட்டு உடை வடிவமைக்கக் கிளம்புகிறார், நன்றிக்கடனாக மேரிக்கு ஒரு பச்சை உடை தைத்துக் கொடுக்கிறார். இடுப்பைச் சுற்றி ஆங்காங்கே துணியே இல்லாத உடை. மேரி அதைப் போட்டுக்கொண்டு சங்கடத்தோடு நிற்க, ஷெர்ரி தன் கைவேலையைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். பார்க்கிறவர்கள் சிரிப்பது மேரியின் அவஸ்தையைப் பார்த்து. ஷெர்ரியின் பெருமிதத்தை யாரும் கேலி செய்யவிடாமல் நடித்திருக்கிறார் கோல்பி. இது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் காலத்து டிவி காமெடியில் இப்படி ஒரு பாத்திரத்தை மதிப்பாக நிறுத்துவது எழுத்தாளர் கையில் பாதி என்றால் நடிகர் கையில் மீதி.

1975 அவருடைய வருடமாக இருந்திருக்க வேண்டும். வருட ஆரம்பத்தில் நியூயார்க்கில் லிவ் உல்மன் நோராவாக நடித்த இப்சனின் 'பொம்மை வீடு' மேடையேறியபோது, நோராவின் தோழி லிண்டே அம்மையாராக நடித்தார். கணவனை இழந்து, வேலை தேடி ஊருக்கு வரும் பெண். இதற்கிடையில் மேரி டைலர் மூர் ஷோவிலிருந்து பிரித்து, அதில் நடித்த க்ளோரிஸ் லீச்மனுக்கென்று 'ஃபிலிஸ்' என்ற தனித்தொடரைத் தொடங்கினார்கள். அதில் ஃபிலிஸ் கணவனை இழந்து மகளோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து வேலை தேடுவார், அவருக்கு வேலை கொடுக்கும் புகைப்பட ஸ்டூடியோ முதலாளி ஜூலி எர்ஸ்கின்தான் கோல்பி. டிவியில் அதுவரை விருந்தாளியாகவே வந்துபோனவருக்கு முதல் முறையாக வாராவாரம் வரும் நிரந்தர வேடம். மூன்று எபிசோட் முடித்திருந்தார். தொடர் செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பானது, அதற்கு ஆறு வாரம் முன்பே அவர் போய்விட்டார். அதே ஜூலி வேடத்தை லிஸ் டோரஸுக்குக் கொடுத்துத் தொடரை மேலே கொண்டுபோனார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வழக்கு விவரங்களுக்கு வந்தால் சட்டென்று சுவரில் முட்டியது போல் இருக்கும். ஏதோ கும்பலில் சேருவதற்காக யாரையாவது சுட்டுக் காட்டவேண்டும் என்று அனுப்பப்பட்ட இளைஞர்களாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. வேறு எதுவும் பொருந்தாததால் வந்து உட்கார்ந்துகொண்ட ஊகம் அது. கொலையாளிக்கும் கொல்லப்பட்டவருக்கும் சம்பந்தமே இல்லையென்றால் புலன்விசாரணை எங்கிருந்து தொடங்கும்? வழக்கமாகப் போலீஸ் கொல்லப்பட்டவரின் வாழ்க்கையில் நுழைந்து அங்கிருந்துதான் வெளியே தேடிப் போகும். இங்கே உள்ளே போனாலும் வெளியே போக வழி இல்லை. கண்ணால் பார்த்த ஒரே சாட்சியும் இறந்துவிட்டார், அவருக்கும் முகங்கள் பரிச்சயமில்லை. தெருவெல்லாம் கேமரா இல்லாத காலம், குற்ற வழக்கில் டிஎன்ஏ சோதனை வருவதற்கு இன்னும் பத்து வருடம் இருந்தது.

இன்னொரு பேச்சும் உண்டு, அதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. ஃபிலிஸ் தொடருக்கே சாபம் என்பார்கள். தொடரில் நடித்த ஜூடித் லௌரியும் பர்ட் மஸ்டினும் அடுத்தடுத்த வருடங்களில் இறந்தார்கள் என்பது உண்மை. லௌரிக்கு 86 வயது, மஸ்டினுக்கு 92. நிறைவாக வாழ்ந்து முடித்த இரண்டு பெரியவர்களையும் வண்டி நிறுத்துமிடத்தில் சுடப்பட்ட ஒரு பெண்ணையும் ஒரே கயிற்றில் கட்டி சாபம் என்று சொல்வது, மூன்று பேருக்குமே செய்யும் அநியாயம்.

ஹாலிவுட்டின் மற்ற மர்மச் சாவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாரல் ஹார்டி படங்களில் நடித்த தெல்மா டாட் 1935 டிசம்பரில் ஒரு கார் ஷெட்டுக்குள், தன் காரில் பிணமாகக் கிடந்தார். கார்பன் மோனாக்சைடு புகையால் வந்த சாவு, விபத்து என்றார்கள். ஆனால் அங்கே பேசுவதற்கு முன்னாள் கணவர் இருந்தார், கூட்டாக உணவகம் நடத்திய இயக்குநர் இருந்தார், ஒரு ரவுடியின் பெயரையும் பிற்பாடு கொண்டுவந்து சேர்த்தார்கள். தொண்ணூறு வருடமாகப் பேச்சு ஓயவில்லை. 1949-இல் காணாமல்போன துணை நடிகை ஜீன் ஸ்பாங்லரின் கைப்பை ஒரு பூங்காவில் கிடைத்தது, அதற்குள் பாதியில் நின்ற ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் இருந்த பெயர்களை வைத்து இன்றும் கதை பின்னுகிறார்கள். கொலை என்று உறுதியாகாத இந்த இரண்டுக்கும் அத்தனை கவனம். கொலைதான், அதுவும் இரட்டைக் கொலை என்று சந்தேகமே இல்லாத இந்த வழக்குக்கு எப்போதாவது ஒரு பத்தி. நடிகையின் சாவில் நாம் தேடுவது கொலையாளியை இல்லை, ஒரு கதையை என்றுதான் எனக்குப் படுகிறது. கோல்பி வாழ்க்கையில் கிசுகிசுவுக்குத் தோதான கதை கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அவரோடு இறந்த கீர்னனின் கதி இன்னும் மோசம், எங்கே போனாலும் 'உடன் இருந்த நடிகர்' என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடுகிறது.

கலிஃபோர்னியா சட்டப்படி கொலைக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. யாராவது இன்றைக்கு வாய் திறந்தாலும் வழக்குப் போட முடியும். அதுவரை, அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கொலைச் செய்தியில் தொடங்க வேண்டாம். முதலில் கொலம்போவின் அந்தக் கதையைப் பாருங்கள், அப்புறம் ஷெர்ரி வரும் இரண்டு எபிசோடுகளையும், முடிந்தால் அடுத்தடுத்து. ஏரிக்கரைக் கடைக்காரியும் சிறையில் மேரியைப் பார்த்துச் சிரிக்கும் ஷெர்ரியும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.